கடைசி பஸ்ஸில் நான் இருப்பேன்

1983 டிசம்பரில், பல்கலைக்கழக விடுமுறைக்கு வீடு திரும்பிக்கொண்டிருந்தபோது, தாப்பா பஸ் நிலையத்தில் ஒரு வெள்ளைக்காரர் என்னிடம் ஒரு காகிதத்தை நீட்டினார். காலில் தடித்த பூட்ஸ், முதுகில் தலைக்கு மேல் எழும்பிய மூட்டை. ரிங்லெட் பக்கத்தில் இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்திலிருந்து பல்கலைக்கழகத்துக்குப் போன முதல் ஆள் நான். அவர் கேட்பதற்குள் பதிலை நல்ல ஆங்கிலத்தில் மனத்துக்குள் கோத்து வைத்துவிட்டேன். காகிதத்தைப் பிரித்தால் முழுக்கத் தமிழ்.

“வணக்கம். இதைக் கொண்டுவருகிறவருக்குத் தமிழும் தெரியாது, வழியும் தெரியாது. மலை ஏற வந்திருக்கிறார். விமான நிலையத்தில் இதைப் படிக்கிறவர் இவரைக் கோலாலம்பூர் பஸ்ஸில் ஏற்றிவிடவும். புடு ராயா பஸ் நிலையத்தில் படிக்கிறவர் தாப்பா பஸ்ஸில் ஏற்றவும். தாப்பாவில் படிக்கிறவர், தானா ராத்தா பஸ் கிளம்பும்வரை இவரை டீக்கடையை விட்டு நகர விட வேண்டாம். தானா ராத்தாவிலிருந்து தோட்டத்து பஸ். கடைசி நிறுத்தத்தில், மலைப்பாதை தொடங்குகிற இடத்தில் இறக்கிவிடவும். அங்கிருந்து அவரே போய்க்கொள்வார். கடைசி பஸ்ஸில் நான் இருப்பேன். இப்படிக்கு, சிங்காரம், கண்டக்டர்.”

அதற்குக் கீழே வேறு வேறு கையெழுத்துகள். “இரண்டாவது வாசல் என்று எழுதவும். முதல் வாசலில் இப்போது பஸ் நிற்பதில்லை. இராசம்மா, ஏர்போர்ட்டில் கூட்டுகிற வேலை.” “தாப்பா பஸ் பத்தரைக்கு மாறிவிட்டது. நாகப்பன், டிக்கெட் கவுண்டர்.” பென்சிலில், “ஆள் நல்ல பசியோடு வந்தார். ரொட்டி கொடுத்தேன். முருகையா.” முருகையாவின் டீக்கடை எனக்கு எதிரேதான் இருந்தது. அவர் அங்கிருந்தே கையை ஆட்டி, ஆளை ஒப்படைத்துவிட்டேன், இனி உன் பாடு என்பதுபோலத் தலையசைத்தார். அன்று நான் ரிங்லெட்டில் இறங்கவில்லை. அந்த வெள்ளைக்காரரோடு தோட்டத்து பஸ் வரைக்கும் போய், கடுதாசி எழுதியவரைப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன்.

சிங்காரத்துக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது. ஒடிசலான உடம்பு, காக்கிச் சட்டைக்கு மேலே வெயில், மழை எதுவானாலும் ஒரு பழுப்பு ஸ்வெட்டர். பிரிஞ்சாங்கைத் தாண்டி, கியா பார்முக்கு அருகே பிரிந்து தேயிலைத் தோட்டத்துக்குள் நுழையும் சின்ன பஸ்ஸில் அவர் கண்டக்டர். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தவர். விமான நிலையத்தை அவர் பார்த்ததில்லை. புடு ராயாவையும் பார்த்ததில்லை. தாப்பாவுக்குக் கீழே அவர் ஒரு நாளும் போனதில்லை. ஆனாலும் சுபாங் விமான நிலையத்தில் எந்த வாசலில் பஸ் நிற்கும், புடு ராயாவில் எத்தனையாவது படிக்கட்டில் இறங்க வேண்டும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். எல்லாம் மலை ஏற வந்தவர்களின் பைகளில் கசங்கித் திரும்பி வந்த அந்தக் காகிதங்களின் அடியில் படித்தது.

கடுதாசி 1978-இல் தொடங்கியது. அந்த வருடம் ஒரு வெளிநாட்டுத் தம்பதி விமான நிலையத்திலிருந்து மலையடிவாரம் வந்து சேர இரண்டு நாள் ஆனது. தாப்பாவில் கடைசி பஸ்ஸை விட்டுவிட்டு, யாரிடம் என்ன கேட்பது என்று தெரியாமல் பெஞ்சிலேயே உட்கார்ந்து விடிந்திருந்தார்கள். அந்தப் பெண் சைகையிலும் அரைகுறை மலாயிலும் அதைச் சொன்னபோது சிங்காரம் டிக்கெட் கிழிப்பதையே மறந்து நின்றார். அடுத்த மாதம் அவர்களுடைய நண்பர்கள் வரப்போவதாகச் சொன்னதும் ஒரு தாளை வாங்கி எழுதிக் கொடுத்தார். வழி நெடுகத் துடைப்பத்தோடோ டீக்கோப்பையோடோ ஒரு தமிழ் ஆள் இருக்காமலா போய்விடுவார் என்பதுதான் அவர் கணக்கு. கணக்கு தப்பவில்லை. பிறகு தானா ராத்தாவில் விடுதி வைத்திருந்தவர் அதை போட்டோஸ்டாட் எடுத்து, ஊர் திரும்புகிறவர்கள் கையில் ஒன்றிரண்டு கொடுத்தனுப்பத் தொடங்கினார்.

சிங்காரத்தின் மனைவி அம்மாக்கண்ணுவுக்கு மட்டும் இதில் வேறொரு கணக்கு தெரியும். பக்கத்து வீட்டுப் பெண்களிடம் கொழுந்து நிறுக்கிற இடத்தில் அவர் சொல்வாராம்: “எங்க வீட்டுக்காரரு ஊருக்கெல்லாம் வழி சொல்லுவாரு. கூடப் பொறந்தவளுக்குச் சொல்ல வேண்டிய அன்னைக்கு மட்டும் பாதியில திரும்பி வந்துட்டாரு.”

அது 1970. சிங்காரத்தின் அக்கா நவமணியும் அதே தோட்டத்தில் கொழுந்து எடுத்தவர்தான். அவர் கணவருக்குக் குடியுரிமை இல்லாதவர்களுக்குத் தரும் சிவப்பு அடையாள அட்டை. வேலை பெர்மிட் கிடைக்கவில்லை. அந்த வருடங்களில் எத்தனையோ குடும்பங்களுக்கு நேர்ந்ததுபோல, கப்பலேறித் தமிழ்நாட்டுக்குப் போக வேண்டியதாயிற்று. துறைமுகம் வரைக்கும் வந்து ஏற்றிவிடுகிறேன் என்று அக்காவுக்கு வாக்குக் கொடுத்துவிட்டு, இரும்புப் பெட்டியைத் தோளில் சுமந்துகொண்டு சிங்காரம் தாப்பா வரை வந்தார். அங்கே அடுத்த பஸ்ஸில் பெட்டியை ஏற்றியதும் அவருக்குக் கால் வரவில்லை. தனியாகத் திரும்பி வர வழி தெரியாது, தொலைந்துவிடுவோம் என்ற பயம். இருபத்தொன்பது வயது ஆளுக்கு வரக்கூடாத பயம் என்று அவரே பின்னால் சொன்னார். நாளைக்கு வேலை இருக்கிறது என்று ஏதோ சொல்லி இறங்கிவிட்டார். அக்கா ஜன்னல் வழியே பார்த்தார்.

பதினாறு வருடம் கழித்து, 1986-இல், அந்த அக்கா வருவதாக எழுதினார். கப்பல் நின்றுபோயிருந்தது, மகன் விமான டிக்கெட் எடுத்துக் கொடுத்திருந்தான். வெள்ளிக்கிழமை காலை சுபாங்கில் இறங்குகிறார். சிங்காரம் மூன்று நாள் லீவு எழுதிக் கொடுத்தார். புதுச் சட்டை தைத்தார். தன் கடுதாசியைத் தானே தலைகீழாகப் படித்து, மலையடியிலிருந்து விமான நிலையத்துக்கு எப்படிப் போவது என்று மனப்பாடம் செய்தார். இந்த முறை தாப்பாவோடு திரும்பிவருவதாக இல்லை. அக்காவுக்குப் பதில் எழுதும்போது, எதற்கும் இருக்கட்டும் என்று கையில் கிடந்த ஒரு போட்டோஸ்டாட்டையும் உறைக்குள் வைத்தார். அக்காவுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் நீட்டத் தெரியும்.

அந்த வாரம் புதன்கிழமை நண்பகல், பஸ் தோட்டத்து ஆபீஸ் முன்னால் நின்றபோது அங்கே கணக்கு எழுதும் கிராணி ஒரு தந்தியைக் கொடுத்தார். திங்களன்று வந்ததாம், அவர் ஈப்போவுக்குப் போயிருந்ததால் மேசையிலேயே கிடந்ததாம். விமானம் மாறிவிட்டது. நவமணி புதன் காலையே இறங்குகிறார். அதாவது, இறங்கிவிட்டார்.

சிங்காரம் பஸ் படியில் உட்கார்ந்துவிட்டார். டிரைவர் சிவசாமி, தானே டிக்கெட்டையும் பார்த்துக்கொள்வதாகவும் ஒரு மணி பஸ்ஸைப் பிடித்துக் கீழே ஓடும்படியும் சொன்னான். செய்தி கேட்டுக் கொழுந்துக்கூடையோடு வந்த அம்மாக்கண்ணுவும் அதையே சொன்னார். ஆனால் இப்போது கிளம்பினால் கோலாலம்பூர் போய்ச் சேர ராத்திரி ஆகிவிடும். அக்கா கடுதாசியை நீட்டிப் புறப்பட்டிருந்தால் இருவர் பஸ்ஸும் வழியில் எங்கோ ஒன்றையொன்று கடந்துபோகும். புறப்படாமல் விமான நிலையத்திலேயே உட்கார்ந்திருந்தால், இங்கே அவர் நிற்பதில் ஒரு பயனும் இல்லை. கேட்டுத் தெரிந்துகொள்ள ஒரு வழியும் இல்லை.

“வெள்ளைக்காரனுக்கு எழுதின கடுதாசி. அதை நம்பி அக்காவ விட்டுடுவீங்களா? மறுபடியுமா?” என்றார் அம்மாக்கண்ணு.

சிங்காரம் சட்டைப்பையிலிருந்த காகிதத்தை எடுத்து விரித்து, கடைசி வரியின் மேல் விரலை வைத்தார்.

“நானே எழுதியிருக்கேன் லா. எட்டு வருஷமா இந்த வரி பொய்யானதில்ல. அவ வந்து பார்க்கறப்ப பஸ்ல நான் இல்லாட்டி, அப்புறம் என்னைக்குமே இல்ல.”

அம்மாக்கண்ணு கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பிற்பகல் நடைகளில் அவர் இரண்டு தடவை மீதிச் சில்லறை கொடுக்க மறந்தார். மூன்றரைக்குத் தாப்பாவிலிருந்து வந்த பஸ்ஸில் அக்கா இல்லை. நாலரையிலிருந்து தானா ராத்தா கடைத்தெருவிலேயே நின்றார். காய்கறியை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பிரிஞ்சாங் பக்கம் போய்க்கொண்டிருந்தன. அவர் பஸ்களைத்தான் பார்த்தார். ஐந்தரைக்குத் தாப்பாவிலிருந்து வந்த கடைசி பஸ்ஸில் பன்னிரண்டு பேர் இறங்கினார்கள். பன்னிரண்டு முகத்தையும் பார்த்தார். பிறகு காலியான பஸ்ஸுக்குள் ஏறி இருக்கைகளையும் பார்த்தார்.

தோட்டத்து பஸ் ஆறு மணிக்குக் கிளம்ப வேண்டும். அவர் பஸ்ஸைத் தட்டவே இல்லை. முட்டைக்கோஸ் மூட்டையோடு உட்கார்ந்திருந்த ஒரு கிழவர், சிங்காரம் பஸ்ஸுக்கு ஏதாவது நேர்த்திக்கடனா என்று கேட்க, எல்லாரும் சிரித்தார்கள். விஷயம் காதில் விழுந்ததும் சிரிப்பு அடங்கியது. ஒருவரும் போகச் சொல்லவில்லை. ஆறு இருபதுக்கு சிவசாமிதான் மெதுவாகச் சொன்னான்:

“அண்ணே, பனி இறங்குது. ரோடு தெரியாது. போலாம்ணே.”

சிங்காரம் தகரத்தை இரண்டு முறை தட்டினார்.

காலை முதல் பஸ்ஸில் இறங்கி சுபாங் வரை போய்விடுவது என்று வழியில் முடிவு செய்தார். எட்டு வருடமாக ஊரானையெல்லாம் கொண்டுவந்து சேர்த்த காகிதம், ஒரு நாள் தனக்கு வேண்டியபோது கைவிட்டுவிட்டது என்று நினைத்தாராம். அதைவிட, காகிதத்தின் மேல் பழியைப் போடுவது எவ்வளவு சுலபம் என்றும் நினைத்தாராம். தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்கும் லயத்து நிறுத்தத்தில் எல்லாரும் இறங்கினார்கள். அவர் வீடும் அங்கேதான். ஆனால் பஸ் கடைசி நிறுத்தம் வரை போய்த்தான் திரும்ப வேண்டும். இன்னும் ஒரு மைல், எங்கள் பேச்சில் ஒரு கட்டை. அந்த நேரத்தில் அங்கே யாரும் இருப்பதில்லை. தேயிலை முடிந்து காடு தொடங்கும் இடம். மலைப்பாதைக்கு ஒரு பலகை.

விளக்கு வெளிச்சம் பலகையின் மேல் விழுந்தபோது, அதன் அடியில் ஒரு இரும்புப் பெட்டி இருந்தது. பெட்டியின் மேல் ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். சேலைக்கு மேலே யாரோ ஓர் ஆம்பளையின் மழைக்கோட்டு, மடியில் ஒரு பொட்டலம் ரொட்டி, கையில் காகிதம்.

சிவசாமி பஸ்ஸை நிறுத்தும் முன்பே சிங்காரம் குதித்துவிட்டார். கிட்டே ஓடினார். நவமணிதான் முதலில் பேசினார்.

“ஏண்டா தம்பி, என்னைய மலை ஏத்தவா கூப்பிட்ட?”

வழி முழுக்க நடந்ததை அவர் பெட்டியின் மேல் உட்கார்ந்தபடியே சொன்னார். ஏர்போர்ட்டில் இராசம்மா கடுதாசியைப் படித்துவிட்டு, இந்த அம்மாவுக்குத் தமிழ் தெரியாது என்று அதில் எழுதியிருந்ததால், சத்தமாக மலாயில் பேசிக் கையைக் கையை ஆட்டினாராம். “நான் தமிழச்சிதான் தாயி” என்று சொன்னதும் துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு புடு ராயா வரைக்கும் கூடவே வந்துவிட்டாராம். நாகப்பன் இரண்டு தடவை படித்துப் பார்த்து, இந்த வயதிலா மலை ஏறப் போகிறீர்கள் என்று கேட்டாராம். முருகையா அக்காவின் ரப்பர் செருப்பைப் பார்த்துக் கவலைப்பட்டு, ரொட்டி கட்டிக் கொடுத்து, பஸ்ஸுக்கு நேரமாகும் என்று மேலே கோலா தெர்லாவுக்குத் திரும்பும் காய்கறி லாரியில் ஏற்றிவிட்டாராம். லாரிக்காரர் பழனியப்பன் கடுதாசியில் உள்ளபடியே, சுற்று வழியானாலும் தோட்டத்துக்குள் திருப்பி, மலைப்பாதை தொடங்குகிற இடத்தில் இறக்கிவிட்டு, குளிருமே என்று கோட்டையும் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போனாராம்.

சிங்காரம் தலையில் அடித்துக்கொண்டார். பிறகு கேட்டார்:

“லயத்துக்கு நடந்து வந்திருக்கலாமேக்கா. ஒரு கட்டைதானே. உனக்குத் தெரியாத ரோடா?”

“தெரியாம என்ன, இந்தச் சரிவுல நான் எடுக்காத கொழுந்தா? கடைசி பஸ்ல நீ இருப்பேன்னு எழுதியிருக்காமே. அந்த லாரித் தம்பிதான் படிச்சுச் சொல்லிச்சு. சரி, பார்ப்போம்னு உக்காந்துட்டேன்.”

சிங்காரம் பெட்டியைத் தோளில் ஏற்றினார். அதே பெட்டிதான். பஸ் திரும்பி லயத்துக்குப் போகும்வரை அவர் இருக்கையில் உட்காரவில்லை. அக்கா பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தார். டிக்கெட்டும் கிழித்துக் கொடுத்தாராம். எதற்கு என்று நான் கேட்டதற்கு, கொடுக்கக் கையில் வேறு ஒன்றும் இல்லை என்றார்.

நவமணி இரண்டு மாதம் இருந்தார். அவர் திரும்பிய நாளில் சிங்காரம் தாப்பாவோடு திரும்பிவிடவில்லை. முருகையாவின் கடையில் டீ குடித்தார், புடு ராயாவில் நாகப்பனின் கையைக் கூண்டுக் கம்பி வழியாகப் பிடித்துக்கொண்டார், சுபாங்கில் இரண்டாவது வாசலில் இராசம்மாவைக் கண்டார். இவ்வளவு குள்ளமாக இருப்பார் என்று எழுத்தைப் பார்த்து நினைக்கவில்லை என்று என்னிடம் சொன்னார். விமானம் எழும்பும்வரை நின்றார். பிறகு தனியாகத் திரும்பி வந்தார். யாரிடமும் வழி கேட்கவில்லை.

இது நடந்து மூன்று வருடமாகிறது. நான் பட்டம் வாங்கி இப்போது தானா ராத்தாவில் ஆசிரியராக இருக்கிறேன். சனிக்கிழமைகளில் அந்த பஸ்ஸில் போவதுண்டு. நவமணி துறையூர் பக்கத்தில் மகனோடு இருக்கிறார். கடுதாசியில் ஒரு வரி கூடியிருக்கிறது: “மலை ஏறாதவராக இருந்தால் ஒரு நிறுத்தம் முன்னால் இறக்கிவிடவும்.” சிங்காரம் அதே பஸ்ஸில் கண்டக்டராக இருக்கிறார். ஆறு மணிக்குக் கடைசி பஸ்ஸில் ஏறி, மலைப்பாதை வரை போய்ப் பார்த்துவிட்டு, ஏழு மணிக்கு லயத்துக்கு வருகிறார்.