தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகு

திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு தோட்டத்து வீட்டில் வாழ்க்கைப்பட்டவள் நித்யஸ்ரீ. புருஷன் தமிழரசு ரிக் வண்டியில் வேலை பார்க்கிறவன். ஊர் ஊராகப் போய் போர்வெல் போடுகிற பிழைப்பு. வருஷத்தில் பாதி நாள் ராய்ப்பூர் பக்கம்தான் குடித்தனம். கல்யாணமாகி வருஷக்கணக்கில் காத்திருந்து இப்போதுதான் அவள் முழுகாமல் இருக்கிறாள். மாமியார் காளியாத்தாள் பார்க்கிறவர்களிடமெல்லாம் அதைச் சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்து போனாள். அவ்வளவு சந்தோஷத்தில் இருந்த நித்யஸ்ரீயைத்தான், பாவம், ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டனுப்பினார்கள்.

அரசு ஆஸ்பத்திரி நம்பிக்கை மையத்தில் ஆலோசகர் கோகிலவாணி முதலில் கதவைச் சாத்தினார். கர்ப்பிணிகளுக்கு எடுக்கும் ரத்தப் பரிசோதனையில் எச்ஐவி இல்லை, சிபிலிஸ் இருக்கிறது என்றார். "மேகநோய்னு சொல்லுவாங்களே, அதுதான் சாமி."

புருஷனைத் தவிர இன்னொருத்தன் நிழல்கூடத் தெரியாதவள் நித்யஸ்ரீ.

"எம்புள்ளைக்கு ஒண்ணும் ஆயிராதுங்களே?"

"கவனிக்காம உட்டா வயித்துலயே போயிரும். இல்ல, நோயோட பொறக்கும். இன்னைக்கே ஊசியை ஆரம்பிச்சா காப்பாத்தலாம். ஆனா உங்க ஊட்டுக்காரரும் போட்டுக்கோணும். இல்லீன்னா அவருகிட்டயிருந்து உனக்குத் திரும்ப வந்துரும்." பிறகு கேட்டார். "அவருக்கு உடம்புல செவப்பா ஏதாச்சும் வந்துச்சா?"

"அம்மா போட்டிருந்துச்சுங்க."

"நீர் கோத்துச்சா? அரிச்சுதா?"

"இல்லீங்க."

"உள்ளங்கையில இருந்துச்சா?"

ஐயோ, அங்கேதானே நிறைய இருந்தது! வாசலில் வேப்பிலை கட்டியது, ஊசி மாத்திரை ஆகாதென்று மாமியார் மறித்தது, வீட்டில் தாளிக்காமலே கிடந்தது எல்லாம் அவள் கண்முன் வந்தது. தடிப்பு தானாக மறைந்ததும் மாரியாத்தா இறங்கிவிட்டாள் என்று கும்பிட்டார்கள். தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகுதான் அவனோடு படுத்தாள். சாமிக்குப் பயந்து விலகியிருந்தவளுக்கு நோய் அப்புறம்தான் வந்து சேர்ந்தது.

ஊசி போட்ட வலியோடு ஆஸ்பத்திரி வேப்பமரத்தடியில் நின்று அவனுக்குப் போன் போட்டாள். அவனுக்கு வந்தது அம்மை இல்லை, மேகநோய்தான், அவனும் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும் என்று சொன்னாள்.

"சாமி சமாச்சாரத்துல வெளையாடாத புள்ள. எனக்கு வந்தது அம்மாதான். உனக்கு எப்பிடி வந்துச்சு, அதை நீ சொல்லு."

கேட்டானே ஒரு கேள்வி! இதற்குத்தான் அவள் பயந்தாள். இவன் தன் ஆத்தாளிடம் இதையே சொன்னால் நித்யஸ்ரீயின் கதி என்ன? ஆனாலும் பிள்ளையை நினைத்துக்கொண்டு வாயைத் திறந்தாள்.

"ஊருக்கே சொல்லிக்கோங்க. ஆனா நீங்க ஊசி போட்டுக்கற வரைக்கும் எங்கிட்ட வரக்கூடாதுங்க. எனக்கு எம்புள்ள வேணும்."

அவன் போனை வைத்துவிட்டான். அப்புறம் எத்தனை தடவை கூப்பிட்டும் எடுக்கவில்லை. மாமியார் போனைக் கையில் எடுத்தாலே நித்யஸ்ரீக்கு உயிர் போய் உயிர் வந்தது. சோறு இறங்கவில்லை. பிள்ளைக்காக விழுங்கி வைத்தாள்.

அடுத்த ஊசிக்குப் போனபோது, நம்பிக்கை மையத்து வாசலில் பையும் கையுமாக அவன் உட்கார்ந்திருந்தான். ரயிலிலிருந்து நேராக வந்திருக்கிறான். அவள் முகத்தை அவன் பார்க்கவில்லை.

உள்ளே போய் மூவரும் உட்கார்ந்தார்கள். ஊசிக்குச் சம்மதமா என்று கோகிலவாணி கேட்டதற்குத் தலையாட்டினான்.

"போனை வெச்சுப்போட்டு வண்டிக்குப் போனனுங்க. அங்க இன்னும் ரெண்டு பேரு அம்மா போட்டிருக்குதுன்னு படுத்திருந்தாங்க. நாங்க மூணு பேரும் ஒரே எடத்துக்குத்தான் போனோம்." தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டான். "கையை விரிச்சுக் காட்டுங்கடான்னேன். எனக்கு வந்த அதே தடிப்புங்க."

நித்யஸ்ரீக்கு அவனை அறையலாம் போலிருந்தது. ஆனால் வாயில் வேறு கேள்விதான் வந்தது.

"அவங்க ஊட்டுல யாராச்சும் முழுகாம இருக்கறாங்களா?"

"அந்த ரெண்டு பேருல மாதேஷோட பொண்டாட்டி. நாளைக்கு அவனுக்குத் தலைக்குத் தண்ணி ஊத்தறாங்க. அதுக்குத்தான் ஊருக்கு வந்திருக்கறான்."

மாதேஷ் பொண்டாட்டியைக் கூப்பிட அவள் அவன் கையிலிருந்து போனைப் பிடுங்கினாள்.