சோதனைக்கு வைத்த சின்ன ஃபைல்

தொண்ணூறுகளின் நடுவில் தாம்பரத்துக்குக் கிழக்கே ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை பார்த்தேன். பதினாறு கம்ப்யூட்டர்களை ஒன்றாகப் பிணைத்து, ஒரே கணக்கைப் பங்கு போட்டுச் செய்ய வைத்திருந்தோம். கணக்குப் போடும் வேகத்தைப் பற்றித்தான் எல்லோருக்கும் பெருமை. போட்ட கணக்கை டிஸ்க்கில் எழுத எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளப்பது என் வேலை. அதைப் பற்றிப் பேசினால் யாருக்கும் கொட்டாவி வரும். எனக்கே வரும்.

புது டிஸ்க் வந்தபோது நான்தான் சோதித்தேன். ஒரு ஃபைலை எழுதி, உடனே திருப்பிப் படிக்க வைத்தேன். நம்ப முடியாத வேகம். நம்பாமல் இன்னொரு தடவை பார்த்திருக்கலாம். ஆனால் ஆறு மணி பஸ்ஸை விட்டால், தாம்பரத்தில் மாறி பீர்க்கன்கரணை வீட்டுக்குப் போய்ச் சேருவது பெரிய பேஜார். ‘மிக நன்று’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பினேன்.

பொழிச்சலூரிலிருந்து ஓர் அக்கா வருவார். கல்லூரி ஆசிரியை. பிஎச்.டி. முடிக்க ஒரு வருடம் லீவு வாங்கியிருந்தார், மார்ச்சோடு அது தீர்கிறது. கடல் அலையைப் பற்றிய அவருடைய புரோகிராம் எங்கள் மெஷினில் ஊர்ந்தது.

“டிஸ்க் நல்லாருக்குன்னு நீயே எழுதிட்ட. அப்போ தப்பு என்கிட்டதான்” என்று டிசம்பரிலிருந்து கணக்கையே மாற்றி மாற்றி எழுதிக்கொண்டிருந்தார்.

ஜனவரியில் வேறு எதையோ தேடும்போது எனக்கு உறைத்தது. நான் வைத்தது சின்ன ஃபைல், முழுதும் மெமரிக்குள்ளேயே அடங்கிவிட்டது. டிஸ்க்கைத் தொடாமலே மெமரி பதில் சொல்லியிருக்கிறது. அக்காவின் புரோகிராமோ ஓயாமல் துணுக்குத் துணுக்காக எழுதும். பதினாறு கம்ப்யூட்டர்களும் ரேஷன் கடை வரிசை மாதிரி ஒரே டிஸ்க்கின் முன் காத்து நின்றன.

அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தேன். பாதி பயம், பாதி அலுப்பு. திரும்பச் சோதித்து, திரும்ப அறிக்கை எழுதி, சாரிடம் திட்டு வாங்கி… நினைத்தாலே உடம்பு வலித்தது. அப்படியே இரண்டு மாதம் போனது.

மார்ச் மூன்றாம் வாரம் சொன்னேன். அக்கா ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. துணுக்குகளைச் சேர்த்துவைத்து மொத்தமாக எழுதும்படி புரோகிராமை மாற்றினார். நான்கே நாள் வேலை. அதன்பின் நன்றாகத்தான் ஓடியது. ஆனால் முழுக் கணக்கும் முடிய இன்னும் ஆறு வாரம் வேண்டும். கல்லூரியில் லீவை நீட்டிக்க மறுத்துவிட்டார்கள்.

கடைசி நாள் காகிதங்களைப் பையில் அடுக்கிக்கொண்டே கேட்டார்.

“இது உனக்கு எப்போப்பா தெரிஞ்சுது?”

“போன வாரம்தான்க்கா.”

“பரவால்ல. தெரிஞ்சவுடனே வந்து சொன்னியே. வேற யாராவதா இருந்தா மறைச்சிருப்பாங்க.”

நான் தலையாட்டினேன். பஸ் ஸ்டாப் வரைக்கும் அவர் பையை நான்தான் தூக்கிக்கொண்டு போனேன்.