ஆடி அமாவாசைக்கு வந்த கண்டிப் பையன்

எம் பேரன் சிங்கப்பூர்ல படிக்கிறான். போன வாரம் போன்ல கூப்பிட்டான். "தாத்தா, லீவு விட்டாச்சு. பக்கத்துல மலேசியாவுல நம்ம அத்தை வீடு இருக்குல்ல, போயிட்டு வாரேன். சொல்லாமப் போயி வாசல்ல நின்னா அத்தை அப்படியே மெரண்டுரும்"னு சிரிக்கிறான். "வேணாம்யா, ஒரு போனப் போட்டுச் சொல்லிட்டுப் போ"ன்னேன். "ஏன் தாத்தா, நம்ம சொந்தந்தானே"ங்கிறான். சொந்தந்தான்யா. அதனாலதான் சொல்றேன். வேத்தாளு வீட்டுக்குச் சொல்லாமப் போனா கதவத் தொறக்க மாட்டாங்க, அம்புட்டுத்தான். சொந்தக்காரங்க வீட்டுக்குச் சொல்லாமப் போனா என்னென்ன தொறந்துக்கிரும்னு யாரு கண்டா?

அவங்கிட்டப் போன்ல சொல்ல வாய் வரல. இங்க சொல்றேன்.

எனக்கு அப்ப எட்டு வயசோ ஒம்பது வயசோ. எங்க ஊரு தாடிக்கொம்புக்குப் பக்கத்துல. பள்ளிக்கூடம் பக்கம் நான் ஒழுங்காப் போனதில்ல, போனாலும் வாத்தியாரு என்னைத் தேடுனதில்ல. எங்களுக்குப் பூக்காடு. கனகாம்பரம், சம்பங்கி, கெணத்தை ஒட்டிக் கொஞ்சம் மல்லி. மல்லி இருக்கே, அது மனுசனத் தூங்கவிடாது. வெயிலு ஏறுறதுக்குள்ள மொட்டாப் பறிச்சுப்புடணும். செத்த நேரம் அசந்தா வாயத் தொறந்துக்கிரும், அப்புறம் வெல போகாது. எங்க வீட்டுல முதல்ல எந்திரிச்சுக் காட்டுக்குப் போறது பெரியம்மாதான். எங்க அய்யாவோட அண்ணன் சம்சாரம். பறிச்சு, ஈரத்துணியப் போட்டு மூடி, கூடையத் தலையில வச்சு, திண்டுக்கல்லு பூ மார்க்கெட்டுக்குக் கொண்டு போறதும் அதுதான். ஊரு பூராத்துக்கும் கல்யாண மாலை அது கட்டுன மாலைதான். அது தலையில மட்டும் ஒரு எதழ் இருக்காது. வெள்ளச்சேலை. நெத்தியில துன்னூறு.

பெரியப்பாவ நான் பாத்ததே இல்ல, படமாத்தான் தெரியும். திண்டுக்கல்லு ஸ்டுடியோவுல புடிச்ச படம். மீசை அப்பத்தான் அரும்பிருக்கும், தலைய வழிச்சுச் சீவி, கண்ணப் பெருசா முழிச்சுக்கிட்டு. கல்யாணம் முடிஞ்ச கொஞ்ச நாள்ல கண்டிக்குத் தேயிலைத் தோட்டத்து வேலைக்குப் போனாரு. அப்பெல்லாம் இலங்கைன்னு எங்க பக்கம் யாரும் சொல்ல மாட்டாங்க, கண்டிதான். முதல்ல காகிதம் வந்துச்சாம். அப்புறம் நின்னுபோச்சாம். நான் பெறக்குறதுக்கு முன்னாடி ஒரு நா, மார்க்கெட்டுக்குப் போன பெரியம்மா வெறுங்கூடையோட வந்து நின்னு, "கண்டியில இருந்து வந்த ஆளு ஒருத்தரப் பாத்தேன். அவரு காய்ச்சல்ல போயிட்டாராம்"னு சொல்லுச்சாம். அழுகக்கூட இல்லையாம். அதிர்ச்சியில அழுக வரலைன்னு என்னையப் பெத்த ஆத்தா சொல்லும்.

ஒடம்பு கெடைக்கலைன்னா எங்கள்ல ஒரு முறை உண்டு. வைக்கப்புல்லுல ஆளு மாதிரி கட்டி, வேட்டி சுத்தி, பேரச் சொல்லிக் கூப்பிட்டு, பாடையில வச்சுத் தூக்கிட்டுப்போயி கொள்ளி வைக்கிறது. எங்க அய்யாதான் வச்சாரு. வைக்கப்புல்லு என்னா வேகமா எரியும், ஆனா அன்னைக்கு அழுத அழுகை நெசப் பொணத்துக்குக்கூட யாரும் அழுததில்லைன்னு ஊருல சொல்லுவாங்க. கருமாதி முடிஞ்சு, பெரியம்மா கழுத்துத் தாலியக் கழட்டி வாங்கி, எல்லாம் முறைப்படி நடந்துச்சு.

அதுல இருந்து வருசா வருசம் ஆடி அமாவாசைக்குப் பெரியப்பாவுக்குப் படையல். பருப்பு வடை, பாயாசம், வாழைக்காப் பொரியல், பூசணிக்காக் கூட்டு. ஒரு சுருட்டும் வைப்பாங்க. பெரியப்பாவ எனக்கு ரொம்பப் புடிக்கும், ஏன்னா வருசத்துக்கு ஒருக்கா அவரு பேரச் சொல்லித்தான் எங்க வீட்டுல பாயாசம். ஆனா காக்கா வந்து சோத்துல வாய் வைக்காம வீட்டுல ஒருத்தரும் சாப்பிடக்கூடாது. அந்த வருசம் காக்கா வரல.

அய்யா வாசல்ல நின்னு "கா... கா..."ன்னு கத்திக்கிட்டே இருக்காரு. வெயிலு உச்சிக்கு ஏறிருச்சு. எனக்குப் பசி காதை அடைக்குது. ஆத்தா உள்ள இருந்து, "ஒங்க அண்ணனுக்கு என்ன கோவமோ, நல்லாக் கூப்பிடுங்க"ங்குது. அய்யாவுக்குத் தொண்டை கட்டிப்போச்சு. கையெடுத்துக் கும்பிட்டு, "அண்ணே, என்ன கொறை வச்சேன், வந்துரு அண்ணே, புள்ளை பசியோட நிக்கிறான்"னு கண்ண மூடிச் சொன்னாரு.

கண்ணத் தொறந்தா எதுக்க பெரியப்பா நிக்கிறாரு.

சத்தியமாச் சொல்றேன், படத்துல இருக்க அதே மூஞ்சி. அதே அரும்பு மீசை, அதே முழி. கால்ச்சட்டை போட்டு, கையில ஒரு தகரப்பொட்டி. எங்க அய்யா எப்பேர்ப்பட்ட ஆளு, கெணத்துக்குள்ள எறங்கிப் பாம்பு புடிப்பாரு. அவரு "அண்ணே"ன்னு ஒரு கத்துக் கத்தி, பொத்துன்னு அந்தப் பையன் காலுல விழுந்தாரு. ஆத்தா ஓடி வந்து எட்டிப் பாத்துச்சு, கையில இருந்த பாயாசச் சட்டி அப்படியே வாசப்படியில ஒடைஞ்சு ஓடுச்சு. நான் பாயாசத்தப் பாக்கவா, பெரியப்பாவப் பாக்கவான்னு தெரியாம நின்னேன்.

பையன் பதறிப்போயி ரெண்டடி பின்னால போனான். "அய்யோ எந்திரிங்க, எந்திரிங்க சித்தப்பா. நான் கண்டியில இருந்து வர்றேன். மெட்ராஸ்ல காலேஜ் படிக்கிறேன். லீவுக்குச் சொந்த ஊரைப் பாக்கலாம்னு..."

சொல்லிக்கிட்டே இருந்தவன் நிறுத்திட்டான். கதவு தொறந்து கெடந்துச்சா, உள்ள செவுத்துல படம் தெரிஞ்சுருச்சு. மாலை, சந்தனப் பொட்டு, முன்னால வெளக்கு, எலை.

"அது எங்கப்பா"ன்னான்.

"எங்கப்பா படத்துக்கு ஏன் மாலை போட்டிருக்கீங்க?" செருப்போட உள்ள ஓடுனான். "தந்தி வந்துச்சா? எப்ப வந்துச்சு? எனக்கு மெட்ராஸுக்கு அடிக்காம இங்க அடிச்சுட்டாங்களா? நான் கப்பல் ஏறும்போது கூட நல்லா நின்னு கையக் காட்டுனாரே சித்தப்பா!"

பொட்டியக் கீழ போட்டுட்டு, படத்துக்கு முன்னால தரையில ஒக்காந்து தலையில அடிச்சுக்கிட்டு அழுகுறான். "எங்கப்பா மூஞ்சியக்கூடப் பாக்கலையே, கொள்ளி வைக்க நான் இல்லையே"ன்னு. அவன் அழுகுறதப் பாத்து ஆத்தாவும் அழுகுது. என்னத்துக்குன்னு அதுக்கும் தெரியாது. அய்யா கல்லாட்டம் நிக்கிறாரு. மண்ணு ஒட்டுன மூஞ்சியத் தொடைக்கக்கூட இல்ல. செத்துப்போன அண்ணனுக்கு எப்படி மகன், எப்பவோ செத்த அண்ணன் இவனுக்கு எப்பக் கையக் காட்டுனாருன்னு அவரு மண்டைக்குள்ள ஓடியிருக்கும்.

அப்பத்தான் அடுப்படியில இருந்து பெரியம்மா வந்துச்சு. முந்தானையில கையத் தொடைச்சுக்கிட்டே வந்து, பையன் முன்னால குத்தவச்சு ஒக்காந்து, அவன் தாடையப் புடிச்சு நிமித்துச்சு.

"அழாத அப்பு. ஒங்கப்பாவுக்கு ஒன்னும் ஆகல. உசுரோடதான் இருக்காரு. தந்தியெல்லாம் ஒன்னும் வரல. இந்தப் படத்த இப்படி மாட்ட வச்சது நான். அழாத."

அது வாயத் தொறக்காம இருந்திருக்கலாம். 'மார்க்கெட்டுல யாரோ என்கிட்டத் தப்பாச் சொல்லிட்டான்'னு ஒரு வார்த்தை சொல்லிட்டு எங்களோட சேந்து அதிசயப்பட்டிருந்தா, அதை ஒரு ஆளும் சந்தேகப்பட்டிருக்க மாட்டாங்க. ஆனா உசுரோட இருக்க அப்பனுக்கு ஒரு புள்ளை அப்படி அழுகுறத அதால பாத்துக்கிட்டு நிக்க முடியல.

"மதினி, என்ன சொல்றீங்க?"ன்னாரு அய்யா. கொரலு கீச்சுன்னு வந்துச்சு.

"முதல்ல புள்ளை சாப்பிடட்டும்"னு எலையப் போட்டுச்சு பெரியம்மா. காக்காவுக்கு வச்ச சோறு வாசல்ல காயுது, இங்க முதல் சோறு அவனுக்கு. ஆத்தா தடுக்கல. தடுக்குற நெலமையில இல்ல.

பையன் விக்கிக்கிட்டே சாப்பிட்டான். பெரியம்மா ரசத்த ஊத்திக்கிட்டே சாதாரணமாக் கேட்டுச்சு, "ஒங்கம்மாவுக்கு அந்த மூச்சு இழுப்பு எப்படி இருக்கு? மலைக்குளிரு ஆகாதாமே?"

"இருக்குங்க. மழைக்காலத்துல ரொம்பக் கஷ்டப்படுவாங்க"ன்னவன், நிமுந்து பாத்தான். "ஒங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்க யாருங்க?"

"நான் இந்த வீட்டுல இருக்குறவ. சாப்புடு."

அய்யா செவுத்தப் புடிச்சுக்கிட்டு மெதுவா ஒக்காந்துட்டாரு. அன்னைக்கு மார்க்கெட்டுல அந்தக் கண்டி ஆளு சொன்னது காய்ச்சல் சேதி இல்ல. 'ஒம் புருசன் அங்க வேற ஒருத்தியோட குடும்பமா இருக்கான், அவளுக்கு இழுப்பு, கையில புள்ளை'ங்கிறதுதான் அவரு சொன்னது. அதைத்தான் பெரியம்மா வெறுங்கூடையோட வீட்டுக்கு வர்ற வழியில வேற மாதிரி மாத்திக் கொண்டு வந்துருச்சு.

பையன் கை கழுவ வெளிய போன நேரம், அய்யா வெடிச்சுட்டாரு. "உசுரோட இருந்த எங்க அண்ணனுக்கு என் கையால கொள்ளி வைக்க வச்சுட்டீங்களே மதினி! நீங்க மனுசிதானா?"

ஆத்தா நடுவுல விழுந்துச்சு. குங்குமச் சிமிழ எடுத்துக்கிட்டு ஓடியாந்து, "அது கெடக்கட்டும். அக்கா, அவருதான் இருக்காருல்ல, முதல்ல நீங்க பொட்டு வைங்க. வெள்ளையில நிக்காதீங்க, எனக்குப் பதறுது"ன்னு நெத்திகிட்டக் கொண்டு போச்சு.

பெரியம்மா அந்தக் கையப் புடிச்சு நிறுத்துச்சு. சத்தம் போடல.

"தம்பி, ஒன்னு கேக்குறேன். ஒங்க அண்ணன் என்னைய விட்டுட்டு இன்னொருத்திகூட இருக்காருன்னு அன்னைக்கு வந்து சொல்லிருந்தா என்ன செஞ்சிருப்பீங்க? வாழாவெட்டின்னு வண்டியக் கட்டி எங்கப்பன் வீட்டுல எறக்கி விட்டுருப்பீங்களா இல்லையா? அங்க எங்க அண்ணன் பொண்டாட்டி என்னைய ஒரு நாள் வச்சிருப்பாளா? செத்தவன் பொண்டாட்டிய யாரும் வெரட்ட மாட்டாங்க. அதுக்கு ஒரு மூலை உண்டு, ஒரு வேளைச் சோறு உண்டு. அதான் சாகடிச்சேன்."

அய்யா துண்ட எடுத்து மூஞ்சியில இருந்த மண்ணத் தொடைச்சாரு. ஆத்தா சிமிழ மூடிக்கிட்டு அடுப்படிக்குப் போயிருச்சு.

எனக்கு இதுல ஒன்னும் மண்டையில ஏறல. பெரியப்பா இருக்காரு, அது நல்ல சேதிதானே, எதுக்கு எல்லாரும் எழவு வீடு மாதிரி ஒக்காந்திருக்காங்கன்னு எனக்குக் கோவம். வெளிய போயி அந்த அண்ணங்கூட ஒட்டிக்கிட்டேன். கப்பலப் பத்திக் கேட்டேன். கப்பல் ஆடுற ஆட்டத்துல கொடலே வெளிய வந்துரும், தலைமன்னாரு தாண்டுனதுல இருந்து ராமேஸ்வரம் வரைக்கும் வாந்திதான்னு சொன்னான். எனக்கு வாயெல்லாம் பல்லு. ஆனா அவன் கண்ணு வீட்டுக்குள்ளயே இருந்துச்சு. உள்ள பேசுனது அவன் காதுலயும் விழுந்திருக்கும்போல. அவங்கப்பனுக்கு ஊருல ஒரு சம்சாரம் இருக்குன்னு அவனுக்கு யாரும் சொன்னதே இல்ல. குடிச்சா மட்டும் ஊரு பேரையும் தம்பி பேரையும் சொல்லி அழுவாராம், அதை வச்சுத்தான் பையன் தேடி வந்திருக்கான். வந்தது அவருக்குத் தெரியாது.

அய்யா இருந்துட்டுப் போகச் சொன்னாரு, அவன் கேக்கல. பொழுது சாயுறதுக்கு முன்னாடி பொட்டியத் தூக்கிட்டான். போறப்ப நேரா பெரியம்மாகிட்டப் போயி காலுல விழுந்தான். எந்திரிச்சு நின்னு, "பெரியம்மா, அப்பாகிட்ட நான் என்ன சொல்லட்டும்? வரச் சொல்லட்டுமா?"ன்னு கேட்டான்.

பெரியம்மா அவன் நெத்தியில துன்னூறு பூசி, சட்டைக் காலரச் சரி பண்ணி விட்டுச்சு.

"வர வேணாம்னு சொல்லு. இங்க அவருக்குச் செய்ய வேண்டியது எல்லாத்தையும் முறைப்படி செஞ்சு முடிச்சாச்சுன்னு சொல்லு. அலைய வேணாம்."

அண்ணன் தலையக் குனிஞ்சுக்கிட்டே போனான். பஸ்சு வர்ற ரோட்டு வரைக்கும் நாந்தான் கூடப் போனேன். வழி பூரா மூக்க மூக்க உறிஞ்சுக்கிட்டு வந்தான். எனக்குத் தாங்கல. ஆறுதலா நாலு வார்த்தை சொல்லணும்னு தோணுச்சு. எங்க பெரியம்மாவப் பத்தித் தப்பா நெனச்சுக்கிட்டுப் போகக்கூடாதுல்ல?

"அழாத அண்ணே"ன்னேன். "பெரியப்பா வந்தா அவருக்குக் கப்பல்ல வாந்தி வரும்ல, அதுக்குத்தான் வேணாம்னுச்சு. எங்க பெரியம்மாவுக்கு அவரு மேல அம்புட்டுப் பாசம்."