மரக்காணம்: வண்டி திரும்பும்வரை எரியாத அடுப்புகள்

போன மாதம் அம்மா சமையலறையில் மயங்கி விழுந்தாள். சர்க்கரை இறங்கிவிட்டது. நான் அன்று மதுரை போகும் வழியில் இருந்தேன். பஸ் தாமதம், போனில் சார்ஜ் இல்லை. "வந்து சேர்ந்துட்டேன்" என்று நான் சொல்லும்வரை அம்மா அடுப்பு பற்றவைக்க மாட்டாள். மாதத்தில் பாதி நாள் ஊர் சுற்றும் மெடிக்கல் ரெப்பை மகளாகப் பெற்றுவிட்டு இப்படி ஒரு விரதம்! டாக்டர் திட்டினார், நானும் திட்டினேன். கேட்கிற ஆளா? அதனால்தான் பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளைக் கூட்டிக்கொண்டு மரக்காணம் கிளம்பினேன்.

திருவான்மியூரில் காலை ஆறு மணிக்கு, ஈசிஆர் வழியாகப் புதுச்சேரி போகும் பஸ் பிடித்தோம். டிக்கெட் ஒருவருக்கு 130 ரூபாய். ஏறத்தாழ நூறு கிலோமீட்டர், இரண்டரை மணி நேரம். மரக்காணம் நெருங்கும்போது உப்புக் குவியல்கள் தெரிய ஆரம்பித்தன. பஸ்ஸில் எல்லோரும் போனை நீட்டிப் படம் எடுத்தார்கள். அம்மா மட்டும் எதிரே வந்த ஒவ்வொரு உப்பு லாரியையும் பார்த்துக்கொண்டு வந்தாள்.

பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆட்டோவுக்கு ஐம்பது ரூபாய். "பழைய ஃபயர் ஸ்டேஷனா? அங்க என்னாக்கா இருக்குது பாக்க?" என்றார் ஆட்டோக்காரர். உண்மைதான். பூட்டிய கதவு, உள்ளே முள்செடி, பின்னால் கூரை இறங்கிய நாலு குவார்ட்டர்ஸ் வீடுகள். அதில் கடைசி வீடு எங்களுடையது.

அப்பா தீயணைப்பு வீரர். உப்புக் காற்றில் எந்த இரும்பும் தாங்காது என்பதால் காலையில் எழுந்ததும் ஏணிக்கும் மணிக்கும் எண்ணெய் தடவுவார். ஆயுத பூஜையன்று வாழைமரம் கட்டிய சிவப்பு வண்டியில் எங்களை ஏற்றி ஒரு சுற்று சுற்றுவார்கள். அந்தப் பெருமையில் ஒரு மாதம் தெருவில் யாரையும் மதிக்க மாட்டோம்.

ஆனால் அங்கே ஒரு கட்டுப்பாடு இருந்தது. மணி அடித்து வண்டி கிளம்பினால் நாலு வீட்டிலும் அடுப்பை அணைத்துவிட வேண்டும். ஆம்பளைகள் நெருப்போடு மல்லுக்கட்டப் போயிருக்கும்போது வீட்டில் நெருப்பு எரியக்கூடாது. பிரம்மதேசம் பக்கம் வைக்கோல் போர் எரிந்தால் போச்சு, சாப்பாடு சாயங்காலம்தான். பிள்ளைகள் நாங்கள் மதகில் உட்கார்ந்து ரோட்டையே பார்த்துக்கொண்டிருப்போம்.

எனக்கு ஐந்து வயதிருக்கும்போது, ஓட்டு வீடு ஒன்றில் தீயை அணைக்கப் போன அப்பா மேல் சுவர் விழுந்தது. வண்டி திரும்பி வந்தது, அப்பா வரவில்லை. இவ்வளவுதான் எனக்குத் தெரியும். மீதியை அம்மா போன மாதம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு சொன்னாள். அன்றைக்கு நான் பசியில் அழுதேனாம். வண்டிச் சத்தம் கேட்டதும் நிம்மதியாக அடுப்பைப் பற்றவைத்தாளாம். வந்தது உப்பு லாரி. "நான்தான் அவர அனுப்பிச்சுட்டேன்" என்றாள்.

என் புத்திமதி அவளிடம் எடுபடாது. குவார்ட்டர்ஸில் அப்போது பக்கத்து வீட்டில் இருந்த ஜமீலா அத்தை சொன்னால் ஒருவேளை கேட்பாள். அத்தையின் வீட்டுக்காரர்தான் அந்த வண்டியின் டிரைவர்; இப்போது கோட்டக்குப்பத்தில் இருக்கிறார்கள். மரக்காணத்திலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

நாங்கள் போனபோது மாமா பள்ளிவாசலுக்குப் போயிருந்தார். அத்தை அம்மாவைக் கட்டிப்பிடித்து அழுதுவிட்டு, சோறு போட்டாள். சாப்பிட்டு முடித்ததும் நானே பேச்சை எடுத்தேன். அம்மா தலை குனிந்தபடி உப்பு லாரிக் கதையைச் சொன்னாள். அத்தை எழுந்து வாசலை ஒருதரம் எட்டிப் பார்த்துவிட்டு வந்து அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"செல்வி, அன்னிக்கு என் வீட்டுல அடுப்ப அணைக்கவே இல்ல. பெரியவனுக்குக் காய்ச்சல். கதவ சாத்திக்கினு கஞ்சி வச்சேன். என் அடுப்புதான் உன் வீட்டுக்காரர எடுத்துக்கிச்சுன்னு இந்நாள் வரைக்கும் நெனச்சுனு இருக்கேன். உன் மூஞ்சப் பாத்து சொல்ல தைரியம் வரல."

அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அடிப்பாவி, காய்ச்சக்காரப் புள்ளைக்குக் கஞ்சி வச்சா எங்கியோ இருக்குற மனுஷன் செத்துப்பூடுவானா?"

சொல்லிவிட்டு சட்டென்று நிமிர்ந்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அப்பா செத்த அன்றுகூட அவள் அப்படி அழுததாக எனக்கு நினைவில்லை.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். உப்பளம் பார்க்க மாசியிலிருந்து வைகாசி வரை நல்ல சமயம். காலை பத்து மணிக்குள் பார்த்துவிடுங்கள். அதற்கு மேல் வெள்ளைத் தரை கண்ணைக் கூசவைக்கும். குடிதண்ணீர் கையோடு கொண்டுபோங்கள். பாத்தி வரப்பில் கேட்காமல் ஏறாதீர்கள், வேலை நடக்கிற இடம். ஃபயர் ஸ்டேஷனைத் தேடிப் போகாதீர்கள், எங்களைத் தவிர யாருக்கும் அங்கே ஒன்றும் இல்லை.

போன வாரம் வேலூர் கிளம்பினேன். மாடிப்படி இறங்கும்போதே எங்கள் வீட்டுக் குக்கர் விசிலடித்தது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். வேலூரில் இறங்கியதும் வழக்கம்போல போன் செய்தேன்.

"சாப்ட்டுனு இருக்கேன், அப்புறம் பேசு" என்று வைத்துவிட்டாள்.