பூ விழுந்த பக்கம்

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். அதனால் வீட்டுக்கு வருகிற காகிதத்தையெல்லாம் சின்ன வயசிலேயே நான்தான் படித்துச் சொல்ல வேண்டியிருந்தது. படிக்கப் படிக்க ஒன்று பிடிபட்டது. பெரிய எழுத்தில் இருப்பது நம்மைக் கூப்பிடுவதற்கு, பொடி எழுத்தில் இருப்பது நம்மைக் கழட்டி விடுவதற்கு. அன்றிலிருந்து யார் சிரித்துப் பேசினாலும் பொடி எழுத்து எங்கே இருக்கிறது என்று தேடுகிற புத்தி ஒட்டிக்கொண்டது.

ஆகவே, "அம்மன்கிட்ட பூ கேப்போம். வலப்பக்கம் விழுந்தா பொண்ணக் குடுக்கறேன்" என்று அவளுடைய அம்மா சொன்னதாக அவள் வந்து சொன்னபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை. சந்தேகம்தான் வந்தது.

அவளும் நானும் ஓசூரில் ஒரே கம்பெனி. அவள் இன்ஸ்பெக்‌ஷனில், நான் அசெம்பிளியில், காண்ட்ராக்டில். இரண்டு பேரும் மூக்கண்டப்பள்ளியில் கம்பெனி பஸ் ஏறுவோம். அவள் ஊர் தளிப் பக்கம். வீட்டில் கன்னடம் பேசுவார்கள், சாமந்தியும் ரோஜாவும் போடுவார்கள். நான் உத்தனப்பள்ளிப் பக்கம். அவர்களைப் போன்றவர்களுக்கு நிலம் உண்டு. எங்கள் அப்பா அம்மாவுக்கு அந்த மாதிரி நிலங்களில் கூலி வேலை உண்டு. இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

பஸ்ஸில் நான் பாடுவேன், சொந்தமாகக் கட்டிய பாட்டு. ஒருநாள் முன் சீட்டிலிருந்து அவள் இயர்போனைக் கழட்டிவிட்டுத் திரும்பினாள்.

"மூணாவது வரி சவசவன்னு இருக்கு."

கிண்டல் செய்கிறாள் என்று நினைத்தேன். வீட்டுக்குப் போய்ப் பாடிப் பார்த்தால் மூணாவது வரி சவசவ என்றுதான் இருந்தது. அப்படி ஆரம்பித்தது.

அந்தப் பாட்டை மாற்றிக் கட்டி, செல்போனில் பாடி வீடியோ போட்டேன்.

கம்பெனி உள்ள நம்பர் ஒண்ணு
ஊருக்கு உள்ள 'டேய்' ஒண்ணு
எங்கம்மா வெச்ச பேரு மட்டும்
எவன் வாயிலும் ஏறல

கொஞ்ச நாளில் ஹெச்.ஆர். கூப்பிட்டு உட்கார வைத்து டீ கொடுத்தார். "நல்ல வாய்ஸ் தம்பி. ஆண்டு விழாவுல பாடணும் நீ. இந்த வீடியோவ மட்டும் எடுத்துடு" என்றார். கோபமே இல்லை. திட்டியிருந்தால் எடுத்திருக்க மாட்டேன். டீயைக் குடித்து முடிப்பதற்குள் எடுத்துவிட்டேன். ஆண்டு விழாவுக்கு யாரும் கூப்பிடவில்லை.

யார் போட்டுக் கொடுத்தது என்று பஸ்ஸில் வருகிற ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். அவள் முகத்தையும் பார்த்தேன். அவள் கண்டுபிடித்துவிட்டாள்.

"என்னையுமா?"

"இல்ல."

"பொய் சொல்றப்ப உனக்கு சுருதி எறங்குது" என்றாள். அப்புறம் ரெண்டு நாள் பஸ்ஸில் இயர்போனைக் கழட்டவே இல்லை.

இப்படிப்பட்டவனிடம்தான் பூ கேட்கிற பேச்சு வந்தது. அவர்கள் குலத்தில் நல்லது கெட்டது எதுவானாலும், தோட்டத்து ஓரத்தில் இருக்கிற அம்மன் தலையில் தண்ணீரில் நனைத்த பூவை ஒட்ட வைப்பார்கள். விழுகிற வரைக்கும் பாட வேண்டும். வலப்பக்கம் விழுந்தால் சம்மதம், இடப்பக்கம் விழுந்தால் வேண்டாம். எனக்குப் பட்டது இதுதான்: சாதியைச் சொல்லி வேண்டாம் என்றால் இந்தப் பெண் வீட்டை விட்டுக் கிளம்பிவிடுவாள். அம்மனே வேண்டாம் என்றுவிட்டால் யாரைப் பார்த்துக் கோபப்படுவாள்?

அப்பாவிடம் சொன்னேன். அவர் எங்கள் ஊர்த் திருவிழாவில் பம்பை அடிப்பவர், கோயிலுக்கு வெளியே நின்று.

"அம்மன் சொன்னா சரிதான்டா" என்றார்.

"நம்மள உள்ள விடாத அம்மனா?"

"விடாதது அம்மன் இல்லடா, ஆளுங்க."

அவருக்கு அது சுலபமாகப் பிரிந்துவிடுகிறது. எனக்கு அம்மனும் ஆளும் ஒரே காகிதத்தில் கையெழுத்துப் போட்ட மாதிரிதான் தெரிகிறது.

லீவு நாளில் தளி பஸ் ஏறினோம்.

"பூவ யாரு பறிப்பா?" என்று கேட்டேன்.

"எங்கம்மா."

"காலையில பறிச்சதா, நேத்து பறிச்சதா? நேத்துப் பூன்னா காஞ்சி லேசா இருக்கும், லேசுல விழாது."

"ஓ, ரிப்போர்ட் வேணுமா? நான்தான் இன்ஸ்பெக்‌ஷன், நீ அசெம்பிளி. ஞாபகம் இருக்கட்டும்."

பக்கத்து சீட்டுக்காரர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

கோயில் ஓர் அறை அளவுதான். வாசலில் அவளுடைய மாமா நின்றிருந்தார், அம்மாவின் தம்பி. அப்பா இல்லாத வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். செருப்பைக் கழட்டிவிட்டு நான் படியேறப் போனேன்.

"டேய், அங்கயே நில்லு. அங்கிருந்தே நல்லாத் தெரியும்."

உள்ளேயிருந்து அவளுடைய அம்மாவின் குரல் வந்தது. "உள்ள வாப்பா. கேக்கறவன் எதுக்க இருந்தாத்தான் அம்மன் பதில் சொல்லும்."

மாமா நகரவில்லை. நான் அவரை உரசிக்கொண்டுதான் உள்ளே போனேன். கோயிலுக்குள் நான் நின்றது அதுதான் முதல் தடவை. கும்பிடத் தோன்றவில்லை, கைகளைத்தான் கவனித்தேன். பூசாரி ஒரு மஞ்சள் சாமந்தியை நனைத்து அம்மன் தலையில் வைத்து அழுத்தினார். அழுத்தும்போது கட்டைவிரல் இடது பக்கம் சாய்ந்ததோ? அவளுடைய அம்மா விளக்கைத் தூண்டினார். அந்தச் சூட்டில் ஒரு பக்கம் ஈரம் சீக்கிரம் காயுமோ? எதையும் விடவில்லை நான்.

அம்மாவும் மகளும் கன்னடத்தில் பாடினார்கள். நல்ல குரல்கள், ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்துகொள்கிற மாதிரி. பூ அசையவில்லை. அடுத்த பாட்டிலும் அசையவில்லை.

"இவரு பெரிய பாட்டுக்காரராமே. பாடச் சொல்லுக்கா" என்றார் மாமா.

திருவிழா மைக்செட்டில் கேட்டுக் கேட்டு மனப்பாடமான அம்மன் பாட்டு ஒன்றை எடுத்தேன். ராகம் தப்பவில்லை. ஆனால் நம்பாததைப் பாடும்போது குரல் சுத்தமாக இருக்கும், வேறெதுவும் இருக்காது. எனக்கே கேட்டது. கண்ணைப் பூவிலிருந்து எடுக்காமல் பாடினேன். அதுவும் என்னையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"ஆச்சு. அம்மனுக்கு இஷ்டமில்ல. கெளம்பலாமா?" மாமா வேட்டியை மடித்துக் கட்டினார்.

அவள் என் பக்கம் திரும்பினாள். "உன் பாட்டப் பாடு."

"எந்தப் பாட்டு?"

"தெரியாத மாதிரி கேக்காத."

அந்தப் பாட்டில் 'டேய்' வருகிறது. டேய் என்று சொன்னவர் நாலடி தள்ளி நிற்கிறார். பாடினால் சண்டை. சண்டை என்றால் பூவுக்கே வேலை இல்லாமல் காரியம் முடிந்துவிடும். ஒரு விநாடி, அவளே அதற்காகத்தான் சொல்கிறாளோ என்றுகூட நினைத்தேன். அவ்வளவு தூரம் போகிற புத்தி என்னுடையது. பாடாமல் இருந்தால் மரியாதையாக ஓசூர் பஸ் ஏறித் திரும்பிவிடலாம். ஹெச்.ஆர். ரூமில் டீயைக் குடித்தது ஞாபகம் வந்தது.

பாடினேன். மெதுவாக ஆரம்பித்தேன், பம்பைக்கு அப்பா பிடிக்கிற தாளத்தில் தொடையைத் தட்டிக்கொண்டு. 'டேய்' வந்த இடத்தில் குரல் இறங்கவில்லை. நாலாவது வரியை இன்னொரு தடவை பாடினேன், பிறகு இன்னொரு தடவை.

"பலகடெ!" என்று அவளுடைய அம்மா கத்தியது கேட்டது. வலப்பக்கம்.

கண்ணைத் திறந்தேன். அப்போதுதான் கண்ணை மூடியிருந்தேன் என்பதே தெரிந்தது. பூ ஏற்கெனவே அந்த அம்மாவின் கையில் இருந்தது.

"நடுவுல விழுந்துச்சிக்கா! தட்டுல பட்டு உருண்டுச்சி, நான் பாத்தேன்!"

"எங்க பாத்த? நீ அவன மொறச்சிக்கிட்டு இருந்த."

"பூசாரி, நீ சொல்லுய்யா!"

"நான் கற்பூரம் எடுக்கத் திரும்பினேங்க" என்றார் பூசாரி. கற்பூர டப்பா அவர் காலடியிலேயே இருந்தது. திரும்ப வேண்டிய அவசியமே இல்லை.

"என் பொண்ணு. என் தோட்டத்துப் பூ. வலப்பக்கம்னா வலப்பக்கம்" என்று சொல்லி அந்த அம்மா பூவை மகள் தலையில் செருகிவிட்டார். மாமா வெளியே போய் பைக்கை உதைத்தார். அது கிளம்பாமல் ரொம்ப நேரம் படுத்தியது.

கிளம்பும்போது அந்த அம்மா என்னிடம் வந்தார். "உங்கம்மா வெச்ச பேரு என்னப்பா?"

எதற்குக் கேட்கிறார் என்றுதான் முதலில் தோன்றியது. சொன்னேன். கன்னட வாயில் ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டு, "பத்திரிகை அடிக்கணும்ல" என்றார்.

அந்தப் பாட்டைக் கேட்டு மனசு இளகி ஒரு பொய் சொன்னாரா? மகள் ஓடிப் போய்விடுவாள் என்ற பயத்தில் சொன்னாரா? தம்பி வைத்ததே சட்டம் என்பதை ஒருநாளாவது முறிக்க நினைத்தாரா? இல்லை, நிஜமாகவே வலப்பக்கம்தான் விழுந்ததா? கடைசியில் சொன்னதைத்தான் என்னால் நம்பவே முடியவில்லை. அப்பா மட்டும் அதை உடனே நம்பினார்.

பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது அவளிடம் கேட்டேன். "நீ பாத்தியா?"

"பாத்தேன்."

"எந்தப் பக்கம்?"

"காலையிலிருந்து அத்தன பேரு கையையும் பாத்தியே, அத மட்டும் ஏன் பாக்கல?"

"பாடிட்டு இருந்தேன்."

"அப்படியே இரு" என்றாள்.

தை மாதம் கல்யாணம். மாமாவும் வருகிறாராம். எப்படி ஒத்துக்கொண்டார் என்று கேட்டால் யாரும் சரியாகப் பதில் சொல்வதில்லை. பூ எந்தப் பக்கம் விழுந்தது என்று அவளிடம் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். கல்யாணம் ஆன பிறகு சொல்கிறேன் என்கிறாள், சிரித்துக்கொண்டே. அந்தச் சிரிப்பில் ஏதோ இருக்கிறது.