ஜிபூட்டிக்காரரின் கேள்விகள்

சென்ற ஆண்டு கோடைகாலம். வட லண்டனில், எட்மண்டனில் ஒரு பழைய வீட்டின் மேல்மாடியில் நானும் தம்பியும் குடியிருந்தோம். கீழ்வீட்டுக்குப் புதிதாக ஒருவர் வந்தார். நெடிய, ஒல்லியான மனிதர். ஐம்பது வயதிருக்கும். ஏதோ ஒரு கிடங்கில் இரவு வேலை. சொந்த நாடு ஜிபூட்டி என்றார். அப்படி ஒரு நாடு இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். ஆபிரிக்காவின் கிழக்கு ஓரத்தில், செங்கடல் வாசலில் இருக்கும் குட்டி நாடாம். மழை எப்போதாவதுதான் வருமாம், வெயில் மட்டும் குறைவில்லையாம். இதையெல்லாம் முதல் நாளே வாசலில் நின்று சொல்லிவிட்டார். அதோடு விட்டிருந்தால் பிரச்சினையில்லை. பிறகு கேட்கத் தொடங்கினார்.

இந்த நாட்டுக்காரர் "எப்படி இருக்கிறீர்கள்" என்று கேட்டால் பதிலுக்கு நிற்க மாட்டார்கள். இவர் நிற்பார். எங்கிருந்து வருகிறீர்கள், வழியில் யாரைக் கண்டீர்கள், கடையில் என்ன செய்தி, என்ன புதினம், பஸ் ஒழுங்காக ஓடுகிறதா, தம்பி சுகமா, அவருக்கு என்ன வேலை? ஒன்றுக்குப் பதில் சொன்னால் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு அடுத்தது வரும்.

யாழ்ப்பாணத்தில் யுத்தத்துக்குள் வளர்ந்தவர்களுக்கு இப்படிக் கேட்பவரைக் கண்டாலே சந்தேகம் வந்துவிடும். சோதனைச் சாவடியில் இப்படித்தான் கேட்பார்கள். அதோடு தம்பியின் அகதி வழக்கு ஏற்கெனவே ஒருமுறை தள்ளுபடியாகி, மேன்முறையீடு வரப்போகிற நேரம். அதிலும் தோற்றால் அவனைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இந்த மனிதர் யாருக்காக எங்கள் வாயைக் கிண்டுகிறார், இவருக்கு உண்மையில் சம்பளம் கொடுப்பது யார் என்று எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

நானும் சும்மா இருக்கவில்லை. திரைச்சீலையை விலக்கி நோட்டம் பார்ப்பேன். தபால்காரர், முடிவெட்டும் துருக்கிக்காரர், குப்பை அள்ள வருபவர்கள் என்று ஒருவரையும் அவர் விட்டுவைப்பதில்லை. பிறகு தோட்டத்தில் நின்று தன் பாஷையில் நெடுநேரம் போன் பேசுவார். ஒருநாள் அந்தப் பேச்சுக்கு நடுவில் "ஸ்ரீலங்கா" என்ற சொல் விழுந்தது. நான் திரைச்சீலையை இழுத்து மூடிவிட்டேன். அன்றிலிருந்து அவர் கேட்டால் பொய்தான். தம்பி கல்லூரியில் படிக்கிறான் என்றேன். எங்களுக்கு வழக்கு வம்பு ஒன்றுமில்லை என்றேன். சொன்ன பொய்களையெல்லாம் நினைவில் வைத்திருப்பதே பெரிய வேலையாகிவிட்டது.

வழக்கு நாள் வந்தது. தம்பி கோட் போட்டு, நான் நல்ல சேலை கட்டிப் படியிறங்கினால் வாசலில் அவர். வேலை முடிந்து வந்து சாரத்துக்கு மாறியிருந்தார். எங்கள் ஆண்கள் வீட்டில் இடுப்பில் சுற்றிக் கட்டுகிற அதே மாதிரிச் சாரம்தான். எங்கே போகிறீர்கள் என்றார். கோயிலுக்கு என்றேன். எந்தப் பக்கம் என்றார். பக்கத்தில்தான் என்றேன். "நல்லது, அந்தப் பக்கம் பஸ் ஓடுகிறது" என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

ஸ்டேஷனுக்குப் போனால் ரயிலே இல்லை. பாதையில் ஏதோ பழுதாம், நகருக்குள் எதுவும் போகாதாம். பஸ் தரிப்பில் திருவிழாக் கூட்டம். போனில் டாக்ஸி தேடினோம், கிடைக்கவில்லை. தம்பியின் வழக்கறிஞர், எப்படியாவது வந்து சேருங்கள், நீங்கள் இல்லாமலே வழக்கை எடுத்துவிடக்கூடும் என்றார்.

"அக்கா, கீழ் வீட்டு ஆளிட்டக் கேட்டுப் பாப்பமே?"

"உனக்கென்ன விசரோ? அந்த ஆளிட்டப் போய்ச் சொல்றதோ?"

"இனி ஒளிச்சு என்னத்தைக் காணப்போறம்? நான் போறன்."

அவன் ஓடினான். நானும் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினேன். தம்பி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினான். அவர் ஒரு கேள்வி கூடக் கேட்கவில்லை. போனை எடுத்தார். டாக்ஸி ஓட்டும் அவருடைய ஊர்க்காரர் ஒருவர், எந்தத் தெரு அடைத்திருக்கிறது, எது திறந்திருக்கிறது என்று விசாரித்துக்கொண்டே வந்து நின்றார். இவரும் சாரத்துக்கு மேலே ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு முன் இருக்கையில் ஏறிவிட்டார்.

பாதி வழியில் திரும்பிப் பார்த்துச் சொன்னார். "ரயில் நின்றது எனக்குத் தெரியும், சிஸ்டர். நீங்கள் கோயில் என்றீர்கள்."

பிறகு அவரே விளக்கினார். அவர்கள் அபார் என்ற இனமாம், மேய்ச்சல்காரர்கள். அந்த வறண்ட நாட்டில் வழியில் இருவர் சந்தித்தால், முன்பின் தெரியாதவர்களாக இருந்தாலும் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்க வேண்டும், எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். எந்தக் கிணற்றில் தண்ணீர் உண்டு, எங்கே புல் முளைத்தது, யார் வீட்டில் நோய், யாருடைய ஒட்டகம் தொலைந்தது? தாகு என்று அதற்குப் பெயராம். பொய் சொன்னால், அதை நம்பி வற்றிய கிணற்றுக்கு நடந்தவன் செத்துப்போவான். கேட்காமல் போவது மரியாதைக் குறைவாம். தோட்டத்தில் பேசியது ஊரிலிருக்கும் தன் அக்காவோடு என்றார். மேல்வீட்டில் ஸ்ரீலங்காவிலிருந்து ஒரு அக்காவும் தம்பியும் இருக்கிறார்கள், தம்பி கல்லூரியில் படிக்கிறான் என்று சொல்லியிருந்தாராம். என் பொய் ஜிபூட்டி வரை போய்ச் சேர்ந்திருந்தது! இன்றைக்கே அதைத் திருத்திச் சொல்ல வேண்டும் என்றார். அவர் முகத்தில் கோபமில்லை, கவலைதான் இருந்தது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

ஏன் மறைத்தேன் என்று நானும் சொன்னேன். ஒளிந்து திரிந்த எங்கள் அண்ணா இரவோடிரவாக வீட்டுக்கு வந்திருப்பதை, எங்கள் வீட்டு ஒழுங்கையில் குடியிருந்த ஒருவர் யாரிடமோ பேச்சுவாக்கில் சொல்லிவிட்டார். அவ்வளவுதான். ஆர்மி வந்து கொண்டுபோனது. இன்றுவரை ஒரு தகவலும் இல்லை. சாரதி ரேடியோவை நிறுத்திவிட்டார்.

நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். விசாரணை முடிந்து வெளியே வந்தால், லண்டன் நடைபாதையில் சாரத்தோடு நிற்கிறார் மனிதர். என்ன செய்தி என்றார். ஒன்றும் விடாமல் சொன்னேன். பிறகு தயங்கித் தயங்கி, அண்ணாவைப் பற்றியும் தன் அக்காவுக்குச் சொல்லலாமா என்று கேட்டார். சொல்லுங்கள் என்றேன். அண்ணாவின் பெயரையும், இடது புருவத்தில் இருந்த தழும்பையும் சொன்னேன். அவர் இரண்டையும் திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

சில மாதங்களில் தம்பிக்கு விசா கிடைத்தது. நான் சந்தேகப்பட்டது பிழை என்று இப்போதும் சொல்ல மாட்டேன். அந்தச் சந்தேகம்தான் எங்கள் ஊரில் எங்களில் சிலரையாவது மிச்சம் வைத்தது. ஆனால், எங்கள் ஊரில் நாங்கள் வாய்விட்டுச் சொல்லவே பயந்த அண்ணாவின் பெயரை, நான் கண்டேயிராத ஒரு நாட்டின் வெயிலில் யாரோ இருவர் உட்கார்ந்து, ஒரு எழுத்தும் பிசகாமல் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டிருக்கக்கூடும் என்று நினைக்கும்போது எனக்கு இன்னும் கண் கலங்குகிறது.