நாக்கைத் தூக்குங்க

முன்னொரு காலம் என்று சொல்லும் அளவுக்குப் பழசில்லை, போன மழைக்காலம் வரை சேர்வராயன் மலையில் ஒரு நர்ஸ் இருந்தார். நோயாளி சொல்வதில் பாதியை நம்பாதே என்பதுதான் இந்தத் தொழிலின் முதல் விதி என்பார், மீதிப் பாதியையும் அவர் நம்பியதில்லை. அவர் என் அப்பாவின் அக்கா, கமலம் அத்தை. ஏற்காட்டுக்குப் பக்கத்தில் ஒரு காபி எஸ்டேட் டிஸ்பென்சரியில் வேலை பார்த்துத் தம்பி தங்கைகளைக் கரையேற்றிவிட்டு, தனக்கென்று ஒரு கல்யாணம் செய்துகொள்ளாமலே போய்ச் சேர்ந்தார். இப்போது அந்த நாற்காலியில் நான். அவர் எனக்கு விட்டுப்போனது ஒரு டார்ச்சும், பாதிக் கோர்ஸில் நிற்கும் ஒரு காசநோயாளியும். ஊசியும் கையுமாக அலையும் சக பாவிகளே, என் பாடு உங்களுக்குப் புரியும்.

பெண் பார்த்த கதை

அத்தை கொடுக்கும் மாத்திரையை அவர் எதிரிலேயே விழுங்க வேண்டும். பிறகு நாக்கைத் தூக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்ப்பார். வீட்டில் எங்களுக்கும் அதே டார்ச்தான். கஷாயம் குடித்தாயிற்று என்றால் ஜன்னலுக்கு வெளியே மண் நனைந்திருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பார்.

என் அக்காவைப் பெண் பார்க்கக் குப்பனூரிலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளை பஜ்ஜியில் கை வைப்பதற்குள் அத்தை அவருடைய கீழ் இமையை இழுத்துப் பார்த்து, "ரத்தம் பத்தாது போல" என்றார். அந்தக் கல்யாணம் எப்படியோ நடந்துவிட்டது. ஆனால் அன்றைக்கு மாப்பிள்ளையின் அம்மா கேட்டதை எங்கள் வீட்டில் இன்னும் சொல்லிச் சிரிப்போம்: "ஏனுங்க, நாங்க பொண்ணு பாக்க வந்தமா, நீங்க மாடு புடிக்க வந்தீங்களா?"

நம்பினால் வந்த வினை

நான் அத்தை மாதிரி இல்லை. குரலை உயர்த்த வராது, சொன்னதை நம்பிவிடுவேன். காபிப் பழம் பறிக்கும் பாப்பாத்தியக்கா ஒரு நாள் வந்து, ராத்திரியெல்லாம் காய்ச்சல் என்றார். சரிங்கக்கா என்று மாத்திரையை எடுத்து நீட்டினேன். அவர் வாங்கவில்லை. என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நான் சொன்னதும் நம்பிட்டியே கண்ணு. உங்கத்தையா இருந்தா நெத்தியில கையாச்சும் வெச்சுப் பாத்திருக்கும். உங்கிட்ட மாத்திரை வாங்கித் திங்க எனக்கு நொம்பப் பயமா இருக்குது."

சிவப்புப் பாட்டில்

அந்தக் காசநோயாளி கிளியூர் ரங்கண்ணன். மருந்தைப் பாதியில் விட்டால் நோய் முன்னைவிட முரட்டுத்தனமாகத் திரும்பும்; அவருடைய ஒற்றை அறை வீட்டில் மகளின் கைக்குழந்தையும் படுத்திருக்கிறது. தினமும் காலையில் வருவார், என் எதிரிலேயே மாத்திரையைப் போட்டுத் தண்ணீர் குடிப்பார், துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு போவார். இருமல் மட்டும் போகவில்லை. எடையும் இறங்கியது. எனக்கு அந்தத் துண்டின் மேல் சந்தேகம் வந்தது.

காசநோய் மாத்திரை உள்ளே போனால் சிறுநீர் சிவப்பாகப் போகும். அத்தை காலத்திலிருந்தே எஸ்டேட் முழுக்கத் தெரிந்த விஷயம் இது. "ஒரு பாட்டில்ல கொஞ்சம் புடிச்சுட்டு வாங்க" என்றேன். மறுநாள் பாட்டில் நிறையச் சிவப்பாகவே கொண்டுவந்தார். ஜன்னலில் வைத்துவிட்டு, எடை பார்க்கிறேன், பி.பி. பார்க்கிறேன் என்று அவரை உட்கார வைத்தேன். திரும்பிப் பார்த்தபோது மேலே தெளிந்திருந்தது. அடியில் குங்குமம்.

ரங்கண்ணன் பாட்டிலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "வெறும் வயித்துல குமட்டுதுங்க சாமி. துண்டுல துப்பிருவேன். உங்கத்தை போனப்புறம் எந்நாக்கை ஆரும் கேக்கலீங்க."

மறுபடி முதலிலிருந்து

அன்றே ஜீப்பில் சேலத்துக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் மறுபடி சளி டெஸ்ட் எடுத்து, கோர்ஸை முதலிலிருந்து ஆரம்பிக்கச் சொன்னார். குழந்தைக்கும் பரிசோதனை, நல்லவேளை, ஒன்றும் இல்லை. இப்போது ரங்கண்ணனுக்கு முதலில் இரண்டு இட்லி, கொஞ்சம் பொறுத்து மாத்திரை, பிறகு டார்ச்.

இன்று காலை நான் வாய் திறப்பதற்குள் அவரே நாக்கைத் தூக்கிக் காட்டினார். வெளியே இறங்கியவர், நான் வாசலில் நிற்பது தெரிந்து, திரும்பாமலே துண்டை எடுத்து நன்றாக உதறிக் காட்டினார்.

"போதுமுங்களா, சின்னக் கமலம்?"

அவர் சில்வர் ஓக் மரங்களுக்குப் பின்னால் மறைந்த பிறகு, துண்டு உதறிய இடத்தில் குனிந்து புல்லை விலக்கிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்தேன். அந்த நாற்காலிக்கு நான் மெல்ல மெல்லத் தேறிவருகிறேன் போலிருக்கிறது.